சாவியை எடுத்தும் நிற்காத பழைய டீசல் கார்: வேக்குவமும் டீசல் பாதையும் சோதிக்கும் வழி

பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 ஒன்றை, 240டியோ 300டியோ, பினாங்கில் பட்டர்வொர்த் பக்கமோ புக்கிட் மெர்த்தாஜாம் பக்கமோ யாரோ ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டீர்கள். ஒரு காலத்தில் வெளியூர் டாக்சியாக மலேசியா முழுக்க ஓடிய இனம், எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் சாகாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மேட்டில் இழுக்காது, கதவுப் பூட்டு ஒரு பக்கம் வேலை செய்யும், மறுபக்கம் செய்யாது. நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும், அதில் ஒருவர் கட்டாயம் எஞ்சினுக்கு டீசலை அளந்து தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றச் சொல்வார். கழற்ற விடாதீர்கள். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை சில வெள்ளி பெறுமான ரப்பர் குழாயிலோ, ஒரு ஓட்டை டயாஃப்ரத்திலோதான் (வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) போய் நிற்கும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யப் போகிறோம்: சந்தேகப்படும் பகுதியை மற்றவற்றிலிருந்து துண்டித்து, வாயை அடைத்துவிட்டு, கோளாறு போகிறதா என்று பார்ப்பது. பாகம் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் இந்த வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி இழுக்கும் விசை, எங்கிருந்து வருகிறது என்பது. பெட்ரோல் காரில் எஞ்சின் காற்று இழுக்கும்போது த்ராட்டில் தடுப்பதால் தானாகவே வேக்குவம் உண்டாகிறது. இந்த டீசல்களில் அப்படித் தடுக்கும் த்ராட்டில் இல்லை, அதனால் எஞ்சினின் முன்பக்கத்தில் வேக்குவத்துக்கென்றே ஒரு தனிப் பம்ப் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு தடித்த குழாய், பிரேக் மிதிக்கக் காலுக்கு உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போகும். அந்தத் தடித்த குழாயிலிருந்து சன்னமான பிளாஸ்டிக் குழாய்கள் கிளைபிரிந்து எஞ்சினை நிறுத்தும் வால்வு, சென்ட்ரல் லாக், ஆட்டோ கியர்பாக்ஸ், சில கார்களில் ஏர்கான் என்று ஒவ்வொன்றாகப் போகும். எல்லாம் ஒரே பம்பிலிருந்து பங்கு பிரிப்பதால், பின் டிக்கியில் ஒரு பூட்டு ஒழுகினால் முன்னால் எஞ்சின் நிற்காமல் போகும். புதிதாக வருபவர்களைக் குழப்புவது இதுதான்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். அளவுமானி வைத்த வேக்குவம் கைப்பம்ப் ஒன்று (இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மீதி எல்லாமே இதை நம்பித்தான்), ஒரு மீட்டர் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் டீசல் ஹோஸ், குழாய் வாயை அடைக்க விதவிதமான சின்ன போல்ட்டுகள், ஒட்டி எழுத மாஸ்கிங் டேப். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், இழுத்தால் ஒடியும், ரப்பர் மூட்டோடு சேர்த்துப் பிடித்து மெதுவாகத் திருகி எடுங்கள்.

பிரேக்கை முதலில் பாருங்கள்

பூட்டு, ஏர்கான் எல்லாம் காத்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், பெடல் கல்லு மாதிரி ஆகும். காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது. இறங்கவே இல்லை என்றால் காரை ரோட்டில் இறக்காதீர்கள், பினாங்கு பாலத்தில் லாரிக்குப் பின்னால் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

அப்புறம் பம்பையே அளந்து பாருங்கள். கிளைக்குழாய்களை எல்லாம் அடைத்துவிட்டு அளவுமானியைத் தடித்த குழாயில் இணைத்து எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால், நல்ல பம்ப் 20 அங்குலப் பாதரசத்துக்கு மேல், அதாவது சுமார் 0.7 பார், சீக்கிரமே இழுத்துக் காட்டும். 10, 12-லேயே தள்ளாடினால் பம்ப் டயாஃப்ரமோ வால்வோ போய்விட்டது. பம்பிலிருந்து டக்டக்கென்று இரும்புச் சத்தம் வந்தால் அளவு நன்றாக இருந்தாலும் ஓட்டாதீர்கள். பம்பின் பேரிங் உடைந்து குண்டுகள் டைமிங் செயினுக்குள் விழுந்து எஞ்சினையே காலி செய்வது டபிள்யூ123-க்கு அடுத்து வந்த டபிள்யூ124 மாடலின் ஓஎம்602, ஓஎம்603 எஞ்சின்களில் பேர்போன விஷயம். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு செய்தே ஆகவேண்டிய இடம் இந்தக் கட்டுரையில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சாவியை எடுத்தும் எஞ்சின் ஓடுகிறதா?

பயப்பட வேண்டாம். பானட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் ஆக்சிலேட்டர் கம்பிகள் இருக்கும் இடத்தில் ‘ஸ்டாப்’ என்று எழுதிய ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் எஞ்சின் நிற்கும். எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே தேடி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யார் யார் காரை எடுக்கிறார்களோ அவர்களுக்கும் காட்டிவிடுங்கள்.

இந்த எஞ்சினை மின்சாரம் நிறுத்துவதில்லை. சாவியை அணைக்கும்போது சாவித் துளைக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன வேக்குவம் வால்வு திறந்து, பழுப்பு நிறக் குழாய் வழியாக இன்ஜெக்ஷன் பம்பின் பின்பக்கம் உள்ள நிறுத்தும் வால்வுக்கு வேக்குவத்தை அனுப்புகிறது. அது உள்ளே ஒரு கம்பியை இழுக்க, டீசல் அளவு சுழியமாகி எஞ்சின் நிற்கும். ஆக வேக்குவம் போதாமல் இருக்கலாம், சாவிப் பின்னால் உள்ள வால்வு விடாமல் இருக்கலாம், கடைசி வால்வு கிழிந்திருக்கலாம். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

நிறுத்தும் வால்வில் செருகியிருக்கும் பழுப்புக் குழாயை இழுத்து எடுத்து, அங்கே கைப்பம்பை மாட்டி, எஞ்சின் ஓடும்போது பம்ப் அடியுங்கள். எஞ்சின் நின்று, முள்ளும் அசையாமல் ஒரு நிமிஷமாவது நின்றால் வால்வு நலம். முள் இறங்கிக்கொண்டே வந்தால் டயாஃப்ரம் ஓட்டை. இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு: கழற்றிய பழுப்புக் குழாயின் நுனியை வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கறுப்பாக எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு விழுந்தால் மேற்கொண்டு யோசிக்கவே தேவையில்லை. கிழிந்த டயாஃப்ரம் வழியாக இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து ஆயில் உறிஞ்சப்பட்டு எல்லாக் குழாய்களுக்கும் பயணம் போகிறது, விட்டால் கதவுப் பூட்டு வரைக்கும் போய் அங்குள்ள ரப்பரையும் ஊற வைத்துக் கெடுக்கும். வால்வை மாற்றும்போது அதன் கம்பிக் கொக்கி உள்ளே சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று கையால் உணர்ந்து பாருங்கள், ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். கொக்கி தப்பான இடத்தில் சிக்கினால் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கலாம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் காற்று வடிகட்டி வாயை மூட ஒரு தடித்த பலகைத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கையால் மூடப் போகாதீர்கள்.

வால்வு நலம் என்றால் அடுத்தது மஞ்சள் குழாய், அதாவது சென்ட்ரல் லாக். எஞ்சின் அறையில் அது கிளைபிரியும் இடத்தில் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாயை போல்ட்டால் அடையுங்கள். இப்போது சாவியை எடுத்ததும் எஞ்சின் சட்டென்று நின்றால் கள்ளன் பூட்டுப் பக்கம்தான் இருக்கிறான். என் அனுபவத்தில் நிற்காத டபிள்யூ123களில் அதிகமானவை இங்கேதான் பிடிபடும். அடைத்த போல்ட்டை அப்படியே விட்டு, பூட்டைக் கையால் பூட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை.

பூட்டைச் சரிசெய்யத்தான் வேண்டும் என்றால் கைப்பம்பைக் கழற்றிய மஞ்சள் குழாயில் மாட்டி, டிரைவர் கதவை ஒரு தடவை பூட்டிவைத்தும் ஒரு தடவை திறந்துவைத்தும் பம்ப் அடியுங்கள். பூட்டும் திசைக்கு ஒரு வரிசைக் குழாய், திறக்கும் திசைக்கு இன்னொன்று என்பதால் ஒரு நிலையில் மட்டும் ஒழுகினால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒவ்வொரு கதவாக, டிக்கி, டீசல் மூடிக் கதவு எல்லாவற்றையும் தனித்தனியாக அடைத்துப் பார்க்க வேண்டும். டீசல் மூடியின் பூட்டைப் பலரும் மறந்துவிடுவார்கள். இந்த அமைப்பில் ஒரு சேமிப்பு டாங்கும் இருப்பதால் நல்ல காரில் எஞ்சினை நிறுத்திய பின்னும் பல தடவை பூட்டு வேலை செய்யும். மறுநாள் காலையிலும் ஒரு தடவை வேலை செய்தால் நீங்கள் வெற்றி பெற்றுவிட்டீர்கள். டபிள்யூ124 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், அதில் பூட்டுக்குத் தனியாக மின்பம்ப் இருக்கிறது.

இரண்டும் நலம், ஆனாலும் நிற்கவில்லையா? சாவிப் பின்னால் உள்ள வால்வுதான். அதற்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் நேராக இணைத்தால் எஞ்சின் நின்றுவிடும், அதுவே நிரூபணம்.

ஏர்கான் பற்றி சுருக்கமாக: பட்டன் வைத்த ஏர்கான் உள்ள கார்களில் காற்றுக் கதவுகளை வேக்குவம்தான் திருப்புகிறது, வேக்குவம் இல்லையென்றால் காற்று கண்ணாடிக்கே போகும். லீவர் வைத்தவற்றில் பெரும்பாலும் கேபிள், அங்கே வேக்குவத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலை என்பதால் இதைக் கடைசிக்குத் தள்ளி, அதுவரை அந்தக் கிளையை அடைத்து வைப்பதே புத்திசாலித்தனம்.

ஆட்டோ கியர் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வேக்குவம் குறைந்தால் கியர் மாறும்போது முதுகில் குத்துவது மாதிரி அதிரும், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் பெரிய பில் போடுவார்கள். கியர்பாக்ஸில் வேக்குவத்தைப் பார்த்து கியர் மாற்றத்தை மென்மையாக்கும் மாடுலேட்டரிலிருந்து வேக்குவம் குழாயை எடுத்து முகர்ந்து பாருங்கள். சிவப்பாக கியர் ஆயில் இருந்தால் மாடுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகும் மர்மமும் இதுவேதான், அந்த ஆயிலை வேக்குவம் பம்ப் உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளிவிடுகிறது.

டீசல் பக்கம்: காற்றா, பட்டினியா?

டீசல் கோளாறுகளை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். ராத்திரி நிறுத்திய கார் காலையில் நெடுநேரம் சுற்றி, நொண்டி நொண்டி எழுந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டால் எங்கோ காற்று புகுகிறது. ராத்திரி முழுக்க டீசல் டாங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கிறது. மாறாக, ஜம்மென்று ஸ்டார்ட் ஆகி, வேகத்திலோ மேட்டிலோ மட்டும் மூச்சுத் திணறி, ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடினால் அது பட்டினி. எங்கோ அடைப்பு, பம்ப் கேட்கும் அளவு டீசல் வரவில்லை. இதைச் சோதிக்க பாலத்துக்குப் போகாதீர்கள், 13.5 கிலோமீட்டரில் நிறுத்த இடம் கிடையாது. ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவ் ஏறிப் பாருங்கள், மேடும் வளைவும் சேர்ந்து எந்தப் பட்டினியையும் வெளியே கொண்டுவந்துவிடும்.

காலையில் எழாததற்குக் காற்றைக் குற்றம் சொல்லும் முன், ஸ்டார்ட்டுக்கு முன்னால் எஞ்சினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்கைப் பார்த்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் அது எதற்கு என்று கேட்பார்கள், ஆனால் டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரியும் இந்தப் பழைய பிரீசேம்பர் எஞ்சின்களுக்கு முப்பது டிகிரியிலும் அது வேண்டும். ரொம்ப நாள் வால்வு இடைவெளி சரிசெய்யாத எஞ்சினும் இப்படித்தான் அடம்பிடிக்கும். 300டியில் இருக்கும் டர்போ இல்லாத ஓஎம்617-க்கு எஞ்சின் ஆறிய நிலையில் உள்வால்வு 0.10 மி.மீ., வெளிவால்வு 0.30 மி.மீ. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் விற்க பாகம் எதுவும் இல்லை.

பட்டினிக்கு முதல் சோதனை காசே இல்லாதது. கார் திணறும்போது ஓரமாக நிறுத்தி டீசல் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் டாங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் டாங்கே பம்புக்கு எதிராக இழுக்கிறது. சத்தம் வரவில்லை என்றால் அடுத்தது ஃபில்டர்கள். இன்ஜெக்ஷன் பம்ப் பக்கத்தில் உள்ளே தெரியும் சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று, மேலே பெரிய ஃபில்டர் ஒன்று. சின்னதில் கறுப்பு கறுப்பாகத் தூள் மிதந்தால் டாங்கில் விஷயம் இருக்கிறது. அதன் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று நிற்பது சாதாரணம், அதைப் பார்த்து ஓடி வராதீர்கள்.

இந்தக் கறுப்புத் தூள் எங்கிருந்து வருகிறது? ஈரப்பதமான ஊர், அரை டாங்க் டீசலோடு மாதக்கணக்கில் நின்ற கார். உள்சுவரில் நீர் கோத்து டீசலுக்கு அடியில் தங்குகிறது, நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கோழை மாதிரிப் படிகிறது. அதற்கு மேல், நம் பம்புகளில் 2019 முதல் சாதாரண டீசல் பி10, அதாவது பாமாயில் பயோடீசல் 10 சதவீதம். பயோடீசல் நல்ல கரைப்பான், முப்பது வருஷப் படிவைச் சுரண்டிக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். பழைய ரப்பர் ஹோஸையும் மெதுவாக இளக்கும். ஆகவே நின்ற காரை மறுபடி ஓட்ட ஆரம்பித்தால் முதல் சில ஃபில்டர்கள் சீக்கிரம் அடைக்கும், அதை எதிர்பார்த்து டிக்கியில் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். விடாமல் அடைத்துக்கொண்டே இருந்தால் டாங்கைக் காலி செய்து அடியில் உள்ள வலைச் சல்லடையைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. டாங்க் கிட்டத்தட்ட காலியானபோது செய்யுங்கள். லிட்டர் 2.15 வெள்ளியாக இருந்த டீசல் 2024 ஜூனில் தீபகற்பத்தில் ஒரே நாளில் 3.35 ஆன பிறகு ஐம்பது லிட்டரைத் தரையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்.

காற்றா பட்டினியா என்றே சொல்ல முடியாத கார்களும் உண்டு. அதற்குத்தான் டப்பா சோதனை. ஐந்து லிட்டர் டப்பாவில் சுத்தமான டீசல், எஞ்சின் அறையில் அசையாதபடி கட்டி வையுங்கள், சூடான குழாய்க்கும் பெல்ட்டுக்கும் தள்ளி. டாங்கிலிருந்து வரும் ஹோஸை, டீசலை இழுத்துக் கொடுக்கும் லிஃப்ட் பம்பில் கழற்றி அடைத்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் கண்ணாடி ஹோஸை மாட்டி டப்பாவுக்குள் விடுங்கள். திரும்பிப் போகும் ஹோஸையும் அதே டப்பாவுக்குள் விடுங்கள், இல்லையென்றால் டப்பா டீசல் எல்லாம் டாங்குக்குப் போய்விடும். ஸ்டார்ட் செய்து பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றம் டாங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் இடையில்: சல்லடை, மூச்சுக்குழாய், அல்லது டாங்க் அருகிலும் பம்ப் அருகிலும் உள்ள குட்டி ரப்பர் ஹோஸ்கள். கோளாறு அப்படியே இருந்தால் டாங்க் நிரபராதி. ஒரு ராத்திரி விட்டுக் காலையில் பார்க்கும்போது கண்ணாடி ஹோஸில் டீசல் இறங்கி வெறும் காற்று நின்றால், காற்று பம்ப் பக்கம்தான் புகுகிறது.

பம்ப் பக்கம் என்றால் முதலில் லிஃப்ட் பம்பின் மேலே கையால் அடிக்கும் ப்ரைமர். பழைய மாடலில் வெள்ளைக் குமிழைத் திருகித் திறந்து அடிக்க வேண்டும், அதைச் சுற்றி ஈரமாக இருந்தால் அதுதான் ஆள். கறுப்புத் தலை வைத்த புது மாடல் அதே இடத்தில் பொருந்தும், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அடுத்து எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு இடையே ஓடும் துணி பின்னிய சன்ன ரிட்டர்ன் ஹோஸ், கடைசி இன்ஜெக்டரில் உள்ள குட்டி மூடி. இவை எப்போதும் மொத்தமாகவே வெட்டிப் போடப்படுகின்றன, சில வெள்ளிதான். டபிள்யூ124-இல் பிளாஸ்டிக் டீசல் குழாய்களின் ஓ-ரிங்குகளையும், டீசலைச் சூடாக்கும் தெர்மோஸ்டாட்டின் ஓ-ரிங்குகளையும் பாருங்கள், காய்ந்து சுருங்கியிருக்கும். ஹோஸ் வாங்கும்போது பயோடீசல் தாங்கும் வைட்டான் வகை கேளுங்கள். பல் வைத்த திருகு கிளிப் ரப்பரை அறுத்துவிடும், விளிம்பு மழுங்கிய கிளிப்பாகப் பாருங்கள்.

ஃபில்டர் மாற்றும்போது புது ஃபில்டரில் டீசலை நிரப்பி மாட்டி, ப்ரைமரை அடித்து, இன்ஜெக்ஷன் பம்பின் ரிலீஃப் வால்வில் டீசல் சீறும் சத்தம் கேட்கும் வரை விடாதீர்கள். அப்படியும் எழவில்லை என்றால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது குமிழ் போய் டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கழற்றிய இன்ஜெக்டர் தெளிக்கும்போது கையை முன்னால் காட்டவே கூடாது, 100 பாருக்கு மேல் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் நேராக ஆஸ்பத்திரிதான்.

இரண்டும் கலந்து ஏமாற்றும் ஒரு கேஸ்

ஃபில்டர் புதுசு, டப்பா சோதனையும் செய்தாச்சு, காற்றும் இல்லை, ஆனாலும் ஓடும்போது திடீரென்று இழுவை போகிறது, சில சமயம் அணைந்தே விடுகிறது, உடனே ஸ்டார்ட் செய்தால் எழுகிறது. எல்லோரும் டீசல் பக்கமே தோண்டிக்கொண்டிருப்பார்கள். சாவிப் பின்னால் உள்ள அந்த வேக்குவம் வால்வு உள்ளுக்குள் கசிந்தால், ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தும் வால்வுக்கு வேக்குவம் போகும். அதாவது உங்கள் கார் தன்னைத்தானே பாதி அணைத்துக்கொண்டு மேடு ஏறப் பார்க்கிறது.

இதைப் பிடிக்க நிறுத்தும் வால்விலிருந்து பழுப்புக் குழாயை எடுத்து, குழாய் வாயை போல்ட்டால் நன்றாக அடைத்து (அடைக்காவிட்டால் வேக்குவம் வெளியேறி பிரேக் உதவியும் குறையும்), வால்வின் முனையைத் திறந்தே விட்டு ஓட்டிப் பாருங்கள். இனி சாவி எஞ்சினை நிறுத்தாது, நிறுத்த ‘ஸ்டாப்’ லீவர்தான். வழக்கமாகத் திணறும் அதே மேட்டில் இந்த நிலையில் திணறவே இல்லை என்றால், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டீசல் சாமான் எதையும் கேட்காதீர்கள், சாவியின் வேக்குவம் வால்வை மட்டும் கேளுங்கள். கையில் கிடைத்ததும் மாட்டும் முன் கைப்பம்பால் இரண்டு நிலையிலும் சோதித்துவிடுங்கள், வெட்டிய காரிலிருந்து எடுத்த பழைய வால்வு என்றால் கடை வாசலிலேயே.